எண் மறைப்பான்

சிந்தூரா எழுதிய நீட்டிப்பு அது.
பிரவுசரின் வலது மூலையில்
மடக்கிய குடை போல உட்கார்ந்துகொண்டது.
"லைக் எண்ணிக்கை வராது, விளம்பரம் வராது,
நாள் நேரம் எதுவும் வராது.
மனசுக்கு நல்லது. டெஸ்ட் பண்ணிச் சொல்லு" என்றாள்
என்னிடம் கற்ற தமிழில்.
குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு.
மாதச் சம்பளமே அதற்குத்தான்.

பி.டி.எம். லேஅவுட், மூன்றாவது மாடி,
தண்ணீர் லாரி வராத ஞாயிறு.
போட்டேன்.

பழைய மேனேஜர் மாரத்தான் ஓடியிருந்தார்.
படத்துக்குக் கீழே ஒரே ஒரு இதயம்,
எத்தனை பேருடையது என்று சொல்லாத இதயம்.
பொறாமைப்பட ஏதாவது வேண்டுமே என்று
மறுபடி பார்த்தேன்.
மனிதருக்கு வியர்த்திருந்தது. அவ்வளவுதான்.

கப்பன் பூங்காவில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது,
நேற்று விழுந்ததா
நான் இந்த ஊருக்கு வருமுன்பே விழுந்ததா.
ஒரு பெண் "இன்று என் கடைசி நாள்" என்று தொடங்கியிருந்தாள்.
பயந்துகொண்டே படித்தேன்.
ஐந்தாவது வரியில் ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

குறிப்பு ஒன்று: ஸ்க்ரோல் செய்யும்போது திணறுகிறது.
குறிப்பு இரண்டு: கன்னட இலக்கங்கள் மறையவில்லை.
மூன்றை எழுதுவதற்குள் அது வந்தது.

"அவசரம். ஓ நெகட்டிவ். இரண்டு யூனிட்.
மைசூர் ரோடு பக்கம். தயவுசெய்து பகிரவும்.
பிரபுதாஸ்."
கீழே செல்போன் எண், பத்து இலக்கமும் அப்படியே.
அதை மறைக்காத அளவுக்குச் சிந்தூராவுக்கு அறிவுண்டு.

என்னுடையது ஓ நெகட்டிவ்.
கல்லூரி அடையாள அட்டையில் சிவப்பில் அச்சிட்டிருந்தார்கள்.
அதன்பின் யாரும் கேட்டதில்லை.

படியிறங்கிக்கொண்டே அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.
ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் ஐம்பது என்றார்.
பேரம் பேசவில்லை.
உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்,
வலது காலில் என் செருப்பு,
இடது காலில் சிந்தூராவுடையது.

மூன்றாவது முயற்சியில் எடுத்தார்.
"ரத்தம் கேட்டிருந்தீங்க, கிளம்பிட்டேன் சார்,
பனசங்கரி தாண்டிட்டா இருபது நிமிஷம்..."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ நிறுத்தினார்கள்.
"அது போன வருஷத்துக்கு முந்தின வருஷம்மா."

தேதி தெரியவில்லை என்றேன்,
காலண்டர் மாட்டாத வீட்டிலிருந்து பேசுகிறவள் போல.
மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.
அவர் கோபப்படவில்லை.
"இப்ப எங்க இருக்கீங்க?"
"ஆட்டோல."
"இறங்கிடுங்க. இந்த வெயில்ல எதுக்கு."
பின்னாலிருந்து ஒரு பெண்குரல் "யாரு?" என்றது.
"தெரிஞ்சவங்க" என்றார் பிரபுதாஸ்.

கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.
யாருக்கு என்றும் கேட்கவில்லை.
அந்த "யாரு"வை மட்டும் காதில் வைத்துக்கொண்டு
ராகிகுட்டா சிக்னல் வரை போனேன்.
பிழைத்து வந்த குரலா,
பிறகு வந்த குரலா.
இரண்டு யூனிட் என் உடம்புக்குள்
வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது,
எங்கேயும் போகாமல்.

பாதி வழிக்கும் முழு ஐம்பதை வாங்கிக்கொண்டார் ஆட்டோக்காரர்.

குறிப்பு மூன்று: தேதி வேண்டும்.

"எல்லாப் பதிவுக்குமா?" என்றாள் சிந்தூரா.
"உதவி கேட்கிறவங்களுக்கு மட்டும்."
"யார் உதவி கேட்கிறாங்கன்னு
அதுக்கு எப்படித் தெரியும்?"
மேனேஜரின் வியர்வை ஞாபகம் வந்தது.
கேக் வெட்டியவளின் முதல் வரி ஞாபகம் வந்தது.
பேசாமல் இருந்தேன்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி
எதையோ தட்டத் தொடங்கினாள்.
கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்,
தன் இடது செருப்பைக் கேட்டாள்.